பாதிப் புத்தகத்தில் நின்றுகொண்டு கருத்துச் சொல்வது எப்படி

"இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் இன்னொரு வாசகரைக் கேட்டால், நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் பதிலாக வரும், அதைத் தொடர்ந்து "நன்றாகப் போகிறது" என்றோ "கொஞ்சம் இழுக்கிறது" என்றோ ஒரு சொற்றொடர் வரும், அத்தோடு பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். கேட்டவருக்கு ஆர்வம் இல்லாததால் அப்படி நேர்வதில்லை. பிடித்துக்கொண்டு மேலே பேசுவதற்கு அந்தப் பதிலில் கைப்பிடி எதுவும் இல்லை. வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, நாற்பது பக்கங்கள் படித்த நிலையிலேயே முழு நூலுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிய பேச்சையும் மதிப்புரை என்றே எண்ணுவதால்தான் முதல் வகையினர் தயங்கிச் சுருக்குகிறார்கள், இரண்டாம் வகையினர் அவசரப்படுகிறார்கள்.

நடுவழிக் கருத்து என்பது தனி வகை. நூலை முடித்தவரால் சொல்ல முடியாத சிலவற்றை அதை இன்னும் முடிக்காதவரால் சொல்ல முடியும்: எதை எதிர்பார்க்கிறார், எங்கே குழம்புகிறார், யாரை நம்புகிறார், யாரைச் சந்தேகிக்கிறார் என்பவை முடிவு தெரிந்த மறுகணமே மனத்திலிருந்து மறைந்துவிடும். முடித்தவர் எவ்வளவு முயன்றாலும் அந்த அறியாமைக்குத் திரும்பிப் போக முடியாது. அதனால் இந்தப் பேச்சைக் கொஞ்சம் பொறுப்போடு பழகிக்கொள்வது நல்லது. அதற்கு முதல் தேவை, நாம் நூலில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசுவது. மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவையே.

நிற்கும் இடத்தைச் சொல்லுதல்

தொடர்கதைகள் வாரந்தோறும் இதழ்களில் வெளிவந்த நாள்களில் இந்தச் சிக்கல் எழவில்லை. எல்லா வாசகரும் ஏறத்தாழ ஒரே அத்தியாயத்தில் நின்றார்கள். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆகவே யாரும் யாருடைய வாசிப்பையும் கெடுக்க வழியில்லை. முழு நூலையும் கையில் வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் படிக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. ஒருவர் 3ஆம் அத்தியாயத்திலும் மற்றவர் 30ஆம் அத்தியாயத்திலும் இருந்துகொண்டு, ஒரே கதாபாத்திரத்தைப் பற்றி ஒரே தொனியில் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவர்கள் இரு வேறு மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இடத்தைச் சொல்லப் பக்க எண்ணைவிட அத்தியாய எண்ணே பயன்படும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண்கள் மாறுகின்றன. மின்நூலில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் திரைகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. மின்நூல் காட்டும் விழுக்காட்டையும் அப்படியே நம்பக் கூடாது. பின்னிணைப்பும் அடிக்குறிப்பும் பெயரடைவும் நீளமாக உள்ள கட்டுரை நூலில் 70 விழுக்காடு என்று காட்டும்போதே நூல் முடிந்திருக்கலாம். ஒலிநூல் கேட்பவர்கள் மணிக்கணக்கை மட்டும் சொல்லாமல், எந்த நிகழ்ச்சி வரை கேட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மற்றவர்கள் இடத்தைக் கண்டுகொள்வார்கள். மொழிபெயர்ப்பைப் படிப்பவர் மொழிபெயர்ப்பாளரின் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே மூலத்துக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகள் இருக்கும்போது, "நடை கரடுமுரடாக இருக்கிறது" என்ற குறை யாரைச் சேரும் என்பது அதைப் பொறுத்தது. மறுவாசிப்பு என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிவு தெரிந்தவர், தெரியாதவரைப் போலப் பேசுவது சற்று நேர்மைக் குறைவானது என்பது என் எண்ணம்.

படிக்கும்போதே குறித்துக்கொள்ளுதல்

படித்ததைப் பிறகு நினைவிலிருந்து சொல்லிவிடலாம் என்று நம்புபவர்களுக்கு இரண்டு பழைய ஆய்வுகள் எச்சரிக்கையாக அமையும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார்; மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது என்று அவர் கண்டார். பொருளுள்ள கதை அவ்வளவு வேகமாக மறக்காது என்பது உண்மைதான். ஆனால் கதைக்கு வேறொரு ஆபத்து உண்டு: அது உருமாறும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெடெரிக் பார்ட்லெட், 1932இல் வெளியான தம் ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றைப் படிக்கச் செய்து பின்னர் அதைத் திரும்பச் சொல்லவைத்தார். சொன்னவர்கள் கதையைச் சுருக்கினார்கள். தங்களுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டார்கள். தங்களுக்குப் பழக்கமில்லாத மரத்தோணியைப் படகாகவும், கடல்நாய் வேட்டையை மீன்பிடிப்பாகவும் மாற்றிவிட்டார்கள். வேண்டுமென்று யாரும் மாற்றவில்லை. நாமும் ஒரு நாவலை நண்பரிடம் சொல்லும்போது இதையேதான் செய்கிறோம். ஆசிரியர் எழுதாத ஒன்றை எழுதியதாகச் சொல்லிவிட்டு அதன் மேல் கோபமும் கொள்கிறோம்.

ஆகவே பக்க அடையாளமாக வைக்கும் துண்டுச்சீட்டையே குறிப்புத் தாளாகவும் பயன்படுத்துவது எளிய வழி. ஒவ்வொரு முறையும் நூலை மூடுவதற்கு முன்பு அதில் இரண்டே வரிகள் எழுதினால் போதும்: ஒன்று, அன்று படித்ததில் மனத்தில் தங்கிய ஒரு காட்சி அல்லது வாக்கியம், மற்றொன்று, அடுத்து என்ன நடக்கும் அல்லது ஆசிரியர் அடுத்து எதை நிறுவப்போகிறார் என்ற நம் ஊகம். அதற்கு மேல் எழுதத் தொடங்கினால் படிப்பதே வேலையாகிவிடும். எடுத்துக்காட்டாக, இப்படி ஒரு சீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம்:

அத். 7 – அக்கா அலமாரிச் சாவியைத் தம்பியிடம் தரவில்லை. அவனை நம்பவில்லை போலும். அடுத்து வீட்டைவிட்டுப் போகச் சொல்வாள்.

அத். 11 – தவறு. சாவியே அவளிடம் இல்லை. அப்படியானால் 7இல் இடுப்பைத் தடவிப் பார்த்தது நடிப்பா?

இந்த ஆறு வாக்கியங்களை அப்படியே ஒருவரிடம் படித்துக் காட்டினாலே நல்ல உரையாடல் தொடங்கிவிடும். கவனித்துப் பார்த்தால், இதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. தவறாகப் போன ஓர் ஊகமும் அது திருத்தப்பட்ட விதமும் மட்டுமே இருக்கின்றன. தம் ஊகம் பொய்த்ததை வெளியில் சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். ஆசிரியர் தம் வித்தையை எங்கே காட்டியிருக்கிறார் என்பதற்கு அந்தப் பொய்த்த ஊகமே சான்று என்பதால், அதை மறைப்பது நூலுக்குச் செய்யும் அநீதி.

எதைச் சொல்வது

ஒரு நூலை அறிமுகம் செய்யும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துவைத்திருக்கிறது. சிறப்புப் பாயிரத்தில், அதாவது நூலுக்கு உரிய முன்னுரையில், எட்டுச் செய்திகள் விளங்க வேண்டும் என்கிறது நன்னூல்: ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு (நூல் ஆக்கப்பட்ட விதம்), நுதலிய பொருள் (நூல் பேசும் பொருள்), கேட்போர், பயன். யாப்பு என்பதற்குள் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி என்பவற்றோடு மொழிபெயர்ப்பையும் அது சேர்த்திருப்பது, மொழிபெயர்ப்பாளரின் பெயரை விழுங்கிவிடும் நம் பழக்கத்தை நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது.

நூலின் பாதி வழியில் இருப்பவருக்கு இந்த எட்டில் ஏழு தெரியும். பயன் மட்டும் முழுதும் தெரியாது. எனவே மற்ற ஏழையும் தயங்காமல் சொல்லிவிட்டு, எட்டாவதைப் பற்றி வாயைக் கட்டிக்கொள்வது முறை. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம்: "வாழ்க்கையையே மாற்றிவிடும்" என்று பயனை முதலில் அறிவித்துவிட்டு, நூல் எதைப் பற்றியது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். எட்டில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது கேட்போர். இந்த நூல் யாருக்கு ஏற்றது என்று ஒரு வரி சொன்னால், கேட்பவர் தமக்கு வேண்டுமா வேண்டாமா என்று தாமே முடிவு செய்துகொள்வார். "போர் வரலாறு ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர்களுக்கு எழுதியது, புதிதாக வருபவர் பெயர்களிலேயே மூழ்கிவிடுவார்" என்பது பத்துப் பாராட்டுச் சொற்களைவிடப் பயனுள்ளது. நூல் எழுதப்பட்ட காரணத்தையும் பாயிரத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. அதை நம் வசதிக்கு ஏற்ப, நூல் நம் கைக்கு வந்த காரணம் என்று மாற்றிக்கொள்ளலாம். நண்பர் வற்புறுத்தியதால் எடுத்த நூலும் பத்தாண்டுகளாகத் தேடிக் கிடைத்த நூலும் ஒரே மனநிலையில் படிக்கப்படுவதில்லை.

அடுத்து, அடைமொழிகள். அருமை, விறுவிறுப்பு, ஆழம், கனம், எதார்த்தம் போன்ற சொற்களை அடியோடு விலக்க வேண்டியதில்லை, ஆனால் அவற்றில் ஒன்றைச் சொன்னவுடன் "எந்த இடத்தில்?" என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே கண்ட அதே கற்பனை நாவலைப் பற்றி ஒருவர், "எழுத்து மிக அருமை, ஆனால் கதை மெதுவாகப் போகிறது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இதிலிருந்து நமக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவரே இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "மொத்தம் 24 அத்தியாயங்களில் நான் 11இல் இருக்கிறேன். ஒரு சாவி காணாமல் போன ஒரே பகல் மூன்று அத்தியாயங்களுக்கு நீள்கிறது. ஒவ்வொருவரும் தேடும் விதத்தைக் காட்டியே அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன பயம் என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தம்பியின் பகுதி வரும்போதெல்லாம் தாண்டிப் போகத் தோன்றுகிறது. அவன் நினைப்பதை எல்லாம் பேசியும் காட்டுகிறான்." முதலில் சொன்ன அதே கருத்துதான், அருமை என்பதும் மெதுவு என்பதும் இதிலும் இருக்கின்றன. ஆனால் மெதுவாக நகரும் கதையை விரும்புபவர் இதைக் கேட்டு நூலைத் தேடிப்போவார், விரும்பாதவர் விலகிக்கொள்வார், படித்து முடித்தவர் தம்பியைப் பற்றி வாதாட வருவார்.

நூலின் குறையையும் நம் குறையையும் பிரித்துச் சொல்வதற்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கண்களோடு படித்த அத்தியாயம் சலிப்பாக இருந்தால், சலிப்பு யாருடையது என்று உடனே சொல்லிவிட முடியாது. மறுநாள் காலையில் அதே பகுதியின் இரண்டு பக்கங்களை மீண்டும் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். கட்டுரை நூல்களில் இதற்கு இணையான ஒழுங்கு ஒன்று உண்டு: ஆசிரியரை மறுப்பதற்கு முன்பு அவர் வாதத்தை, அவரே கேட்டாலும் "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் வகையில், இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால் மறுப்பை அடுத்த அத்தியாயம் வரை ஒத்திவைக்கலாம். நம் ஐயத்துக்கு ஆசிரியர் அங்கே விடை வைத்திருக்கக் கூடும்.

முடிவை வெளியிடாமல் பேசுதல்

ஸ்பாய்லர், அதாவது கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது, பற்றிய ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் ஆகிய இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்பே சொல்லப்பட்ட சிறுகதைகளை வாசகர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று தெரியவந்தது. பின்னர் வேறு சிலர் செய்த ஆய்வுகளில் இதற்கு மாறான முடிவுகள் கிடைத்தன. எது சரி என்ற விவாதம் நமக்குத் தேவையில்லை. முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது கேட்பவர் எடுக்க வேண்டிய முடிவு என்பதால், "சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்வதே போதுமான நாகரிகம்.

பலரும் கவனிக்காத தவறு வேறொன்று. "முடிவைச் சொல்ல மாட்டேன், ஆனால் கடைசியில் பெரிய திருப்பம் ஒன்று இருக்கிறது" என்பதே ஒரு வெளியீடுதான். அதைக் கேட்ட வாசகர் அன்று முதல் கதையைப் படிக்க மாட்டார், திருப்பத்தைத்தான் தேடுவார். "அந்த மருத்துவரைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்று புன்னகையோடு கேட்பதும், "பொறுங்கள், 18ஆம் அத்தியாயம் வரட்டும்" என்பதும் அதே வகையைச் சேர்ந்தவை. நமக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பவரிடம் பேசும்போது, அவர் நிற்கும் இடத்தை முதலில் கேட்டுக்கொண்டு, அந்த இடம் வரை உள்ளவற்றை மட்டுமே பேச வேண்டும். முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல் அவருடைய தவறான ஊகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது கடினம்தான், பழகினால் அதில் தனிச் சுவையும் உண்டு.

பலர் சேர்ந்து பகிரும்போது

ஐந்தாறு பேர் கூடி அவரவர் படிப்பதைப் பகிரும் இடத்தில், முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களுடைய கருத்துகளை இழுத்துக்கொண்டு போய்விடும். சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடுவது போன்ற வெளிப்படையான விஷயத்திலேயே, முன்னால் பேசியவர்கள் எல்லோரும் தவறான விடையைச் சொன்னபோது கணிசமானவர்கள் சில முறையாவது அவர்களோடு ஒத்துப்போனார்கள். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அந்த இழுப்பு வெகுவாகக் குறைந்தது. கோட்டின் நீளத்துக்கே இந்த நிலை என்றால், கவிதை நன்றாக இருக்கிறதா என்பதற்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பேசத் தொடங்கும் முன்பு எல்லோரும் தம் கருத்தை ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நிறையப் படித்தவர் என்று பெயர் எடுத்தவரைக் கடைசியில் பேசச் சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கதைச் சுருக்கம் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. அது நன்மைதான்.

கேட்பவருக்கும் வேலை உண்டு. "ஏன் பிடிக்கவில்லை?" என்ற கேள்வி தற்காப்பைக் கிளப்பும்; "எந்த இடத்தில் அப்படித் தோன்றத் தொடங்கியது?" என்ற கேள்வி நூலைத் திறக்கவைக்கும். இருவர் முரண்படும்போது, குறிப்பிட்ட பத்தியை எடுத்து ஒருவர் வாய்விட்டுப் படிப்பது பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். மீதிப் பாதிதான் பேசுவதற்கு ஏற்றது.

பாதியில் விட்ட நூலையும் பகிரலாம். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொல்லும் கணக்கு ஒன்று பலருக்குப் பழக்கமானது: எந்த நூலுக்கும் 50 பக்கங்கள் வரை வாய்ப்புக் கொடுக்க வேண்டும், 50 வயதைக் கடந்தவர்கள் 100இலிருந்து தம் வயதைக் கழித்து வரும் பக்கங்களைப் படித்தால் போதும். 70 வயதானவருக்கு 30 பக்கங்கள். கணக்கு எதுவாக இருந்தாலும், விட்ட இடத்தையும் விட்ட காரணத்தையும் சொல்லலாம். முடிக்காத நூலுக்கு நட்சத்திர மதிப்பெண் போடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அந்த எண்ணோடு நாம் நின்ற இடம் சேர்ந்து போவதில்லை.

இதை நான் பட்டே கற்றுக்கொண்டேன். ஒரு நாவலின் 9ஆம் அத்தியாயத்தில், கதைசொல்லி அதே திருமண நாளின் கதையை மூன்றாம் முறையாகச் சொல்லத் தொடங்கியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த ஆசிரியருக்குத் திருத்துநர் கிடைக்கவில்லை போலும்" என்று நண்பர்களிடம் சொன்னேன். வாக்கியம் எனக்கே பிடித்துப்போனதால் இரண்டு மூன்று இடங்களில் திரும்பவும் சொன்னேன். எங்கே நின்று சொல்கிறேன் என்பதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் அப்போதுதான் அந்த நூலைத் தொடங்கியிருந்தார். என் சொல்லை நம்பி மூடிவைத்துவிட்டார். 17ஆம் அத்தியாயத்தில்தான் எனக்கு விளங்கியது: கதைசொல்லியின் நினைவு சிதைந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் திருமணக் கதையில் ஒரு சிறு பொருள் இடம் மாறியிருந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. நண்பரிடம் போய் என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். காரணம் கேட்டார். சொல்லாமல் எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். "அப்படியானால் இனி அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்றார்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "9ஆம் அத்தியாயத்தில் இருக்கிறேன். ஒரே நாளின் கதை மூன்றாம் முறையாக வருகிறது. எரிச்சலாக இருக்கிறது, காரணம் இன்னும் பிடிபடவில்லை."